‘போலி ஆவணம்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், தரலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத ஒரு தீவு நாட்டின் நிதி அமைச்சகத்தில், கடன் புள்ளிவிவரப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் இந்த வாசகர். அடையாளம் வெளிப்படாமலிருக்கத் தொகைகளும் தேதிகளும் சற்றே மாற்றப்பட்டுள்ளன. அரசு மின்வாரியம் ஒரு வெளிநாட்டு வங்கியில் வாங்கிய 6 கோடி டாலர் கடனுக்கு, 26 மாதங்களுக்கு முன் அமைச்சகம் உத்தரவாதக் கடிதம் கொடுத்திருக்கிறது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) 120 கோடி டாலர்தான். ஆக, ஒரே கடிதம் ஜிடிபியில் 5 சதவீதம். ஆனால் காலாண்டுக் கடன் அறிக்கைகள் எதிலும் அது ஏறவில்லை. போன வாரம் ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளம் அந்தக் கடிதத்தின் இரண்டு பக்கங்களை வெளியிட்டுவிட்டது. இன்னும் ஏழு வாரங்களில், நாட்டின் கடன் தகுதியை மதிப்பிடும் ரேட்டிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வருகிறார்கள். இப்போதைய ரேட்டிங் பி பிளஸ். அது அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் அவுட்லுக் ஏற்கெனவே நெகட்டிவ்.

மேலிடம் மூன்று வழிகளை யோசிக்கிறது: ‘ஆவணம் போலி’ என்று இவர் கையெழுத்தில் ஒரு மறுப்பு, செய்திக்கு நீதிமன்றத் தடை, ரேட்டிங் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது. கூடவே இவருக்கென்று ஒரு பயமும் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக அந்தக் கடிதத்தைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு ஒருமுறை அனுப்பியிருந்தார். “ரேட்டிங் இறங்கினால் நாடு திவால் என்றுதானே அர்த்தம்? கசியவிட்டவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்தானே? நான் வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடுவேனா?” என்று கேட்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

நான்கு பக்கக் கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். உத்தரவாதம் கொடுத்து ஓராண்டு கழித்து, வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு நாடு 20 கோடி டாலர் கடன் பத்திரம் விற்றது என்று. உங்கள் கடிதத்தின் உயிர்நிலை அந்த வரியில்தான் இருக்கிறது. ரேட்டிங், செய்தித் தளம், அமைச்சரின் கோபம் எல்லாம் அதற்கு அப்புறம்.

பத்திரம் விற்றபோது வாங்குபவர்களுக்கு, நாட்டின் நிதி நிலையை விவரிக்கும் ஒரு ப்ராஸ்பெக்டஸ் கொடுத்திருப்பீர்கள். அதில் பொதுக் கடன் பற்றிய பகுதியில், அரசு உத்தரவாதங்களைப் பற்றியும் சொல்லியிருப்பார்கள். அந்த இடத்தில் இந்த 6 கோடி இருக்கிறதா? இருந்தால், கசிந்தது ஏற்கெனவே சொன்ன விஷயம். பக்க எண்ணைக் காட்டினாலே பாதிச் சூடு தணியும். இல்லையென்றால், முக்கியமான தகவலை மறைத்துப் பத்திரம் விற்றதாக முதலீட்டாளர்கள் வழக்குப் போட வழி திறக்கிறது. அந்த வழக்கு உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு வராது. இப்படிப்பட்ட பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்தின்கீழ் எழுதப்படுபவை.

மொசாம்பிக்கில் நடந்தது இதே வரிசைதான். 2013-இல் சூரை மீன்பிடிக் கப்பல்களுக்கென்று ஓர் அரசு நிறுவனத்தின் பெயரில் 85 கோடி டாலர் திரட்டினார்கள். அது வெளியே தெரிந்த கடன். அதே காலத்தில் வேறு இரண்டு அரசு நிறுவனங்கள் அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய 100 கோடி டாலருக்கும் மேலான கடன்கள் யாருக்கும் சொல்லப்படவில்லை. 2016 ஏப்ரலில் மீன்பிடிப் பத்திரத்தை அரசின் புதிய பத்திரமாக மாற்றி முடித்த கையோடு, மறைந்திருந்த கடன்கள் செய்தியாக வெடித்தன. சர்வதேச நாணய நிதியம் பணம் கொடுப்பதை நிறுத்தியது, கொடையாளி நாடுகளும் கையை விரித்தன. 2017 ஜனவரியில் அந்தப் புதிய பத்திரத்தின் வட்டியையே நாடு கட்டவில்லை. உத்தரவாதங்களில் கையெழுத்திட்ட அன்றைய நிதியமைச்சர் மனுவேல் சாங் 2018-இல் தென்னாப்பிரிக்காவில் கைதாகி, 2024-இல் நியூயார்க்கில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். சொந்த நாட்டு அரசியல் காப்பாற்றும் என்ற கணக்கு வெளிநாட்டுப் பத்திரச் சட்டத்திடம் செல்லாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கசிந்த இரண்டு பக்கம் போதாது, முழுக் கடிதத்தையும் படியுங்கள்

செய்தித் தளம் 6 கோடி என்கிறது. அது உத்தரவாதத்தின் உச்சவரம்பு. மின்வாரியம் இதுவரை எவ்வளவு எடுத்திருக்கிறது? இரண்டு கோடிதான் எடுத்திருந்தால், இன்றைய நிலுவை ஜிடிபியில் ஒன்றரை சதவீதம் சொச்சம்தான். வங்கியிடம் நிலுவைச் சான்று கேட்டு வாங்குங்கள். மின்வாரியத்தின் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்; வட்டி பாக்கி அங்கே பல நேரம் ‘செலுத்த வேண்டியவை’ என்ற பொதுத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து, உத்தரவாதத்தின் வகை. வங்கி முதலில் மின்வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு, பணம் வராத பிறகுதான் அரசிடம் வர வேண்டுமா? அல்லது ‘கேட்ட மாத்திரத்தில், நிபந்தனையின்றி’ அரசு கொடுத்தாக வேண்டுமா? இரண்டாவது வகையென்றால், பேருக்கு உத்தரவாதம், நடைமுறையில் அரசே கூட்டாகக் கடன் வாங்கியது மாதிரி.

எல்லாவற்றையும்விட நான் பயப்படும் வரி, பிணை பற்றியது. விமான நிலையக் கட்டணத்தையோ துறைமுக வருமானத்தையோ ஒரு தனிக் கணக்குக்குத் திருப்பி, அதிலிருந்து வங்கி முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? உங்கள் பத்திரத்தில், ‘வேறு எந்த வெளிக்கடனுக்கும் இதைவிட மேலான பிணை தரமாட்டோம்’ என்ற வாக்குறுதி பெரும்பாலும் இருக்கும். உலக வங்கிக் கடன் ஒப்பந்தங்களிலும் இதே போன்ற ஒன்று உண்டு. தனிக் கணக்கு இருந்தால் அந்த வாக்குறுதி மீறப்பட்டிருக்கலாம். அப்படியானால் 6 கோடிப் பிரச்சினை 26 கோடிப் பிரச்சினையாகிவிடும். பத்திரத்தில் தொடர் தவணைத் தவறு விதி எப்படி எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். உத்தரவாதம் கொடுத்த கடனில் தவணை தவறினாலும் பத்திரதாரர்கள் முழுத் தொகையைக் கேட்கலாம் என்று சிலவற்றில் இருக்கும். எத்தனை லட்சம் டாலருக்கு மேல் போனால் அந்த விதி கிளம்பும் என்ற வரம்பும் அதே பத்தியில் இருக்கும்.

உங்கள் பிரிவு செய்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிவிவர முறைப்படி, உத்தரவாதம் அமலுக்கு வரும்வரை அது அரசின் நேரடிக் கடனில் சேராது. நேரக்கூடிய பொறுப்பு என்று அடிக்குறிப்பிலோ தனி அட்டவணையிலோதான் வரும். ஆகவே ‘கடன் ஜிடிபியில் 68 சதவீதம் என்று சொன்னது பொய், 73 தான் உண்மை’ என்று செய்தித் தளம் எழுதினால் அதுவும் சரியில்லை. தப்பு எங்கே என்றால், அந்தத் தனி அட்டவணையிலும் இல்லாமல் போனதில். தவிர, உலக வங்கியிடம் கடன் வாங்கும் நாடாக இருந்தால், அரசு உத்தரவாதமுள்ள வெளிக்கடனையும் ஒவ்வொரு கடனாக அதற்குத் தெரிவிக்கும் கடமை உண்டு. நாணய நிதியத்தின் திட்டம் நடந்துகொண்டிருந்தால், புதிய உத்தரவாதங்களுக்கு அதில் உச்சவரம்பு இருந்திருக்கலாம். இவை இரண்டையும் இந்த வாரமே சரிபாருங்கள்.

ரேட்டிங் பற்றிய உங்கள் பயம் கொஞ்சம் அதிகம்

ரேட்டிங் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வணிக முறையில் கடன் கொடுத்தவர்களுக்குச் சொன்ன தேதியில் சொன்ன தொகையைத் திருப்பிக் கொடுக்கும் சாத்தியம் எவ்வளவு என்று. திவால் என்றால் அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது. ‘முதலீட்டுத் தரம்’ என்ற கோடு பிபிபி மைனஸோடு முடிகிறது. பி பிளஸ் அதற்கு நான்கு படி கீழே. அதாவது, பல ஓய்வூதிய நிதிகள் விதிப்படியே விற்றாக வேண்டிய அந்தக் கோட்டை நீங்கள் எப்போதோ தாண்டி வந்துவிட்டீர்கள். பி பிளஸிலிருந்து பி-க்கு இறங்குவது வலிக்கும், வட்டி ஏறும். ஆனால் அதில் அப்படியொரு பள்ளத்தாக்கு இல்லை. நெகட்டிவ் அவுட்லுக் என்பதும் தீர்ப்பு ஆகாது. பெரிய ரேட்டிங் நிறுவனங்களில் ஒன்றான எஸ் அண்ட் பி தரும் விளக்கப்படி, ரேட்டிங் இறங்கக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று பொருள்.

ரேட்டிங்கும் ரகசியக் கசிவும் ஒரே தராசில் நிற்பவை என்று நினைக்கிறீர்கள். ஐஸ்லாந்தைப் பாருங்கள். 2016 ஏப்ரலில், வெளிநாடுகளில் ரகசிய நிறுவனம் வைத்திருந்தவர்களைக் காட்டிய பனாமா ஆவணங்கள் வெளிவந்து, அன்றைய பிரதமர் சிக்முண்டூர் குன்லாக்ஸன் இரண்டே நாளில் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மூடிஸ் என்ற ரேட்டிங் நிறுவனம் அந்த நாட்டின் ரேட்டிங்கை இரண்டு படி உயர்த்தியது. பிரதமரின் குடும்ப நிறுவனம் பெரிய அசிங்கம்தான், ஆனால் நாட்டின் கடன் கணக்கு அதனால் மாறவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதற்கு நேர்மாறு. 2007 பிப்ரவரியில், கணக்கீட்டு முறையை மாற்றியதால், அதே மூடிஸ் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளுக்கும் உச்ச ரேட்டிங்கான ஏஏஏ கொடுத்தது. இரண்டு மாதத்தில் அதைக் குறைத்தது. 2008 அக்டோபரில் மூன்று வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. நல்ல ரேட்டிங்கை நற்சான்றாக நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

மால்டா இன்னொரு கோணம். பணமோசடித் தடுப்பில் குறை என்று 2021 ஜூனில் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேசக் கண்காணிப்பு அமைப்பு அந்த நாட்டைச் சாம்பல் பட்டியலில் வைத்தது, ஓராண்டு கழித்து எடுத்தது. அந்த ஓராண்டும் ரேட்டிங் ஏ வரிசையிலேயே இருந்தது. ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சிறிய நாட்டின் வங்கிக்கு எங்கே அடி விழும் தெரியுமா? அதற்காக டாலர் பரிமாற்றம் செய்து கொடுக்கும் வெளிநாட்டுப் பெரிய வங்கியின் கண்காணிப்பு மேசையில். அங்கே உட்கார்ந்திருப்பவர் ரேட்டிங் அறிக்கை படிப்பவர் அல்லர். நாட்டின் பெயர், அமைச்சர்களின் பெயர், அரசு நிறுவனங்களின் பெயர் ஆகியவற்றைப் போட்டு ‘பாதகமான செய்தி’ வருகிறதா என்று தேடிப்பார்ப்பவர். ஒரு பெரிய நாட்டைப் பற்றி நாளுக்கு ஆயிரம் செய்தி வரும், ஒரு கசிவு அதில் அமுங்கிப்போகும். உங்கள் நாட்டைப் பற்றி வெளிநாட்டில் ஆண்டுக்கு வரும் செய்திகளை விரல்விட்டு எண்ணலாம். போன வாரச் செய்தி பல வருடத்துக்குத் தேடலின் முதல் வரியாக நிற்கும். அதனால்தான் அதற்கு அடுத்த வரியாக என்ன நிற்கப்போகிறது என்பதில் கவனம் வேண்டும்.

மேலிடம் சொல்லும் மூன்று வழிகள்

போலி என்று மறுப்பது: கடிதம் உண்மை என்று உங்களுக்குத் தெரியும், மின்வாரியத்துக்குத் தெரியும், கடன் கொடுத்த வங்கிக்கும் தெரியும். மூன்று தரப்பு கோப்பில் வைத்திருக்கும் காகிதத்தை நான்காவது ஆளிடம் போலி என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கம் வெளியிட்டவர்களிடம் மூன்றாவது பக்கமும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரேட்டிங் கணக்கிலும் இது எதிராகவே வேலை செய்யும். மூன்று பெரிய ரேட்டிங் நிறுவனங்களும் நிர்வாகத் தரத்தையும் புள்ளிவிவர நம்பகத்தன்மையையும் தனியாக எடைபோடுகின்றன. 5 சதவீத உத்தரவாதத்தை அவர்களால் ஒரு அட்டவணையில் ஏற்றிவிட முடியும். அமைச்சகம் தரும் மற்ற எண்களையும் சந்தேகிக்க ஆரம்பித்தால் அதற்கு அட்டவணை கிடையாது. 2009-இல் கிரீஸ் தன் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 3.7 சதவீதம் அல்ல, 12.5 என்று திருத்தியபோது சந்தையை உலுக்கியது புதிய எண் மட்டுமல்ல. அது மறுபடி ஏறும் என்ற சந்தேகமும்தான். ஏறவும் செய்தது: 15 சதவீதத்தைத் தாண்டியது.

நீதிமன்றத் தடை: 2009 ஆகஸ்டில் ஐஸ்லாந்தில் இதைச் செய்து பார்த்தார்கள். விழுந்துபோன காப்திங் வங்கியின் பெருங்கடன் பட்டியல் விக்கிலீக்ஸில் வந்தது. அரசுத் தொலைக்காட்சி அதைச் செய்தியாக்க இருந்தபோது, ஒளிபரப்புக்குச் சற்று முன் வங்கி தடை வாங்கியது. செய்தியில் விவரத்துக்குப் பதில் விக்கிலீக்ஸ் தளத்தையே காட்டினார்கள். நாடு முழுக்க அங்கே போய்ப் படித்தது. தடை சில நாட்களில் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த நாட்டு நாடாளுமன்றம், தகவல் வெளியிடுவோரைக் காக்கும் சட்டங்கள் வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. உங்கள் விஷயத்தில் செய்தித் தளம் வேறு நாட்டில் இருக்கிறது. உள்ளூர்த் தடை அங்கே செல்லாது. தடை கேட்டு நீங்கள் தாக்கல் செய்யும் மனுவே ஆவணம் உண்மை என்பதற்குச் சான்றாகும். ‘போலி’ என்ற மறுப்பையும் ‘ரகசியம்’ என்ற மனுவையும் ஒன்றாகக் கொடுத்தால், இரண்டில் ஒன்று பொய் என்று முதல் நாளே எழுதுவார்கள்.

ஒப்பந்தத்தை முறிப்பது: 2013 தொடக்கத்தில் துருக்கி எஸ் அண்ட் பி-யோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எஸ் அண்ட் பி கேளாமலே தரும் ரேட்டிங்காக அதைத் தொடர்ந்தது. கட்டணம் மிச்சம், ஆனால் வரைவைப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பும் அமைச்சகத்தோடு பேசித் தெளியும் வழியும் குறுகிப்போகும். ரேட்டிங் நிறுவனமே முற்றாக விலகிக்கொண்டால், பத்திரத்திலோ வங்கிக் கடனிலோ ‘ரேட்டிங் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்பது அடுத்த தலைவலி. திட்டுவதிலும் பயனில்லை. 2020 செப்டம்பரில் மூடிஸ் இலங்கையை இரண்டு படி இறக்கியபோது நிதி அமைச்சகம் கடுமையாக மறுத்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்ததும் அதே அமைச்சகம்தான்.

ஏழு வாரத்தை எப்படிச் செலவிடலாம்

முதல் வாரம் உண்மையைச் சேகரிக்க. உத்தரவாதத் தேதி, வங்கி, நாணயம், எடுத்த தொகை, வட்டி, கடைசித் தவணைத் தேதி, பாக்கி, பிணை, சட்டப்படி தேவையான அனுமதி வாங்கப்பட்டதா, அறிக்கையில் ஏன் ஏறவில்லை. இவை ஒரே பக்கத்தில் வர வேண்டும். மற்ற அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இதே கேள்வித்தாளை அனுப்புங்கள். இன்னொரு கடிதம் இருந்து அது ஐந்தாவது வாரம் கசிந்தால், முதல் வாக்குமூலத்துக்கு மதிப்பே இருக்காது. மொசாம்பிக்கில் ஆளை வீழ்த்தியது ஒரு கடன் அல்ல, அடுத்தடுத்து வந்தவை.

இரண்டாவது வாரம், பத்திரம் விற்றபோது வேலை பார்த்த வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தைத் தவிர்த்து வேறொரு நிறுவனத்தின் ஆலோசனை. பழைய நிறுவனத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அக்கறையும் இருக்கும். பிறகு தணிக்கைத் தலைவர், நாடாளுமன்றம், நாணய நிதியம், உலக வங்கி. அதே நாளில் பத்திரம் பட்டியலிடப்பட்ட பங்குச்சந்தையின் அறிவிப்புப் பக்கத்திலும் அமைச்சகத் தளத்திலும் வெளியீடு. ரேட்டிங் நிறுவனத்துக்கு மட்டும் முன்கூட்டி ரகசியமாகச் சொல்லி நல்ல பெயர் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு தரப்புக்கு முன்னால் தெரிந்த சந்தைத் தகவல், அதுவே இன்னொரு கசிவு.

ஆய்வாளர்கள் வரும்போது பெரும்பாலும் இரண்டு பேர், இரண்டு மூன்று நாள். மத்திய வங்கி, தனியார் வங்கிகள், சில நேரம் எதிர்க்கட்சியையும் பார்ப்பார்கள். முன்கூட்டி வரும் கேள்விப் பட்டியலுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். மின்வாரியத்தின் கட்டண வசூல், எரிபொருள் செலவு, அடுத்த மூன்று ஆண்டுத் தவணை ஆகியவற்றைக் காட்டி, உத்தரவாதம் அமலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே மதிப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் மோசமானதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். ரேட்டிங்கை முடிவு செய்வது வந்தவர்கள் மட்டும் இல்லை, ஒரு குழு வாக்களிக்கும். வெளியீட்டுக்கு முன் வரைவு உங்களிடம் வரும். ஐரோப்பிய விதிகளின்கீழ் குறைந்தது ஒரு முழு வேலைநாள் கிடைக்கும். அந்த நேரம் தகவல் பிழை திருத்த மட்டும்தான். 2011-இல் அமெரிக்கக் கருவூலம் எஸ் அண்ட் பி வரைவில் 2 லட்சம் கோடி டாலர் கணக்குப் பிழையைக் கண்டுபிடித்தது. எண்ணைத் திருத்தினார்கள், ரேட்டிங்கை எப்படியும் இறக்கினார்கள்.

உங்கள் சொந்த நிலை

கசியவிட்டவர் துரோகியா என்று கேட்டிருக்கிறீர்கள். யார், எதற்காகச் செய்தார் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. சட்டம் கேட்கும் கேள்வி வேறு: தணிக்கைத் தலைவர், ஊழல் தடுப்பு அமைப்பு போன்ற பாதுகாக்கப்பட்ட வழி இருந்ததா, அது முதலில் பயன்படுத்தப்பட்டதா என்பது. பல நாடுகளில் அந்த வழியில் சொன்னவருக்குப் பாதுகாப்பு உண்டு, நேரே பத்திரிகைக்குப் போனவருக்கு அது மெலிது. உங்கள் நாட்டின் அரசு ரகசியச் சட்டமும் பணி விதிகளும் என்ன சொல்கின்றன என்பதை உள்ளூர் வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். அவர் உங்கள் வழக்கறிஞராக இருக்க வேண்டும். அமைச்சகத்தின் வழக்கறிஞர் அமைச்சகத்துக்கு வேலை செய்பவர்.

அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். வேலைக்காக அனுப்பியது விதிமீறலாக இருக்கலாம். செய்தி வந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை ஒழித்த குற்றமாகப் பார்ப்பார்கள், சர்வரில் தடம் எப்படியும் இருக்கும். யாருக்கும் அனுப்பாதீர்கள், அச்சும் எடுக்காதீர்கள். எந்தத் தேதியில், யார் சொல்லி, எந்த வேலைக்காக அனுப்பினீர்கள் என்று கைப்பட எழுதித் தேதியிட்டு வழக்கறிஞரிடம் கொடுங்கள். அலுவலகத்தில் விசாரித்தால் பொய் சொல்லாதீர்கள், வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

மௌனம் காப்பாற்றுமா என்றால், கொஞ்ச காலம் காப்பாற்றலாம். மறுப்பில் கையெழுத்துப் போட்டால் அதுவும் போய்விடும். இன்றுவரை நீங்கள் அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரிந்த ஓர் அலுவலர். கையெழுத்துக்குப் பிறகு, முதலீட்டாளர்களுக்குத் தெரிந்தே பொய் சொன்னவர். கையெழுத்திட மறுப்பதை வாயால் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். வழக்கறிஞர் பார்த்த பிறகு, இந்த அளவுக்குப் போதும்:

“வரைவில் ஆவணம் போலி எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. எங்கள் பிரிவின் கோப்பில் இதே தேதியும் எண்ணும் கொண்ட உத்தரவாதக் கடிதம் உள்ளது. ஆகவே இந்த வரைவில் நான் கையெழுத்திட இயலாது. கோப்பைப் பார்வைக்கு இணைத்துள்ளேன். அடுத்த கடன் அறிக்கையில் உத்தரவாத அட்டவணையைச் சேர்க்க அனுமதி கோருகிறேன்.”